காரின் ஓபிடி போர்ட்: எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால், எந்தக் கோளாறுக்காக எரிகிறது என்பது காருக்குள்ளேயே பதிவாகி இருக்கும். ஓபிடி (காரே தன் கோளாறுகளைக் கண்டறியும் அமைப்பு) போர்ட் வழியாக அதைப் படிக்க ஒரு சின்ன அடாப்டரும் கைபேசியும் போதும். இந்தியச் சாலைகளில் ஓடும் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

என் காரில் ஓபிடி போர்ட் இருக்குமா?

இந்தியாவில் பிஎஸ்4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடி வந்தது. 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமானது. 2013க்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார் எதுவானாலும் கவலையின்றி அடாப்டரைச் செருகலாம். 2010 முதல் 2013 வரை வந்தவற்றில் பெரும்பாலானவை பேசும். அதற்கு முந்தையவற்றில்தான் ஏமாற்றம் காத்திருக்கும்: அதே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்தத் தொடர்பு நெறிமுறை. பழைய மாருதி கார்கள் பலவற்றில் இந்தக் கதைதான். சாக்கெட்டின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலங்கையில் ஓடும், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான பழைய இறக்குமதி வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

போர்ட்டை எங்கே தேடுவது?

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில், கருவி எதுவும் இல்லாமல் செருகும்படி இருக்க வேண்டும் என்பதுதான் தரவிதியின் நோக்கம். எனவே பேனட்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கைபேசியின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே குந்தி, தலையைச் சாய்த்து டாஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதலில் பேனட் திறக்கும் நெம்புகோலைச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங் தண்டுக்கு நேர் கீழே, கிளட்ச் பெடலுக்கு மேலே. அதன்பின் ஃபியூஸ் பெட்டி மூடிக்கு உள்ளே. கடைசியாக கியருக்கு முன்னால் நடுக் கன்சோலின் ஓரங்களில். சில கார்களில் சில்லறை வைக்கும் சின்னத் தட்டையோ ஒரு பிளாஸ்டிக் மூடியையோ இழுத்தால்தான் போர்ட் தெரியும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிற கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குச் செல்பவை. அவற்றைக் கழற்றாதீர்கள், மல்டிமீட்டர் முனையும் வைக்காதீர்கள். ஓபிடி போர்ட் வழக்கமாகக் கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தில், எட்டெட்டாக இரண்டு வரிசைத் துளைகளோடு, ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும்.

பின் எண்களை எப்படி எண்ணுவது? எந்தப் பின் எதற்கு?

காரில் உள்ள சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது அகன்ற பக்கம் மேலே இருக்கட்டும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8. கீழ் வரிசையில் அதேபோல் 9 முதல் 16. பல கார்களில் சாக்கெட்டைத் தலைகீழாகவோ சாய்வாகவோ பொருத்தியிருப்பார்கள். அதனால் எப்போதும் அகன்ற பக்கத்தை வைத்தே எண்ணுங்கள்.

4, 5 இரண்டும் எர்த். 16 நேராக பேட்டரி பாசிட்டிவ். சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். 6, 14 இரண்டும் கேன் பஸ், அதாவது காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்பின் கம்பிகள். 7 என்பது கே-லைன் என்ற பழைய வகைத் தொடர்புக் கம்பி. துளைக்குள் உலோகத் தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே, கார் எந்த மொழியில் பேசுகிறது என்று பாதி தெரிந்துவிடும். 6, 14 இரண்டிலும் தகடு இருந்தால் கேன். அவை காலியாக இருந்து 7 மட்டும் இருந்தால் கே-லைன். அதன் வேகம் நொடிக்கு 10.4 கிலோபிட்தான். கேன் பஸ் வழக்கமாக 500 கிலோபிட்டில் ஓடும். கே-லைன் காரில் லைவ் டேட்டா (அந்தந்தக் கணத்தில் திரையில் வரும் அளவுகள்) தத்தித் தத்தி வந்தால் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

எந்த அடாப்டர் வாங்கலாம்?

சந்தையில் கிடைக்கும் மலிவான அடாப்டர்களில் பெரும்பாலானவை இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். பெட்டியின் மேல் உள்ள பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். "2.1" என்று போட்டு வரும் பலவற்றில் கட்டளைகள் பாதி இருக்காது, சில கார்களில் இணையவே இணையாது. "1.5" என்று விற்பதும் நகல்தான் என்றாலும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிறது. பெரிய எண் நல்ல பதிப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண புளூடூத் போதும். ஐபோனில் அது எடுபடாது; வைஃபை அடாப்டரோ, குறைமின் வகையான புளூடூத் எல்இ அடாப்டரோதான் வேண்டும். திருப்பி அனுப்பப்படும் அடாப்டர்களில் சில உண்மையில் கெட்டுப்போனவை அல்ல, இந்தப் பொருத்தத்தைப் பார்க்காமல் வாங்கியவை.

24 வோல்ட் லாரி, பஸ்களின் சாக்கெட் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 12 வோல்ட் கருவி உள்ளே போகாதபடி நடுவில் உள்ள பள்ளத்தை வேறு மாதிரி அமைத்திருப்பார்கள். செருகும்போது முட்டினால் அழுத்த வேண்டாம்.

முதல் முறை இணைப்பது எப்படி?

இக்னிஷனை அணைத்துவிட்டு அடாப்டரை நேராக, கடைசி வரை அழுத்திச் செருகுங்கள். அதில் ஒரு விளக்கு எரியும். பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள். பல கார்களில் முதல் அழுத்தத்தில் பாட்டு கேட்கும் நிலைதான் வரும். இன்னொரு முறை அழுத்தி, மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். இணையவில்லை என்ற புகார்கள் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

சாதாரண புளூடூத் என்றால் போனின் செட்டிங்ஸில் பேர் செய்யுங்கள். கடவு எண் 1234 அல்லது 0000. புளூடூத் எல்இ என்றால் செட்டிங்ஸில் பேர் செய்யாமல் செயலிக்குள்ளிருந்தே இணையுங்கள். வைஃபை என்றால் அடாப்டரின் நெட்வொர்க்கில் சேர்ந்து, செயலியில் 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்; இல்லாவிட்டால் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று போன் தானாக விலகிக்கொள்ளும். டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன் ஆகியவை பரவலாகப் பயன்படும் செயலிகள். நெறிமுறையைத் தானியங்கியில் விடுங்கள். கே-லைன் காரில் முதல் இணைப்புக்குச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்கும்.

அடாப்டரில் விளக்கே எரியவில்லை. போர்ட் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் ஃபியூஸ்தான் போயிருக்கும். 16ஆம் பின்னுக்கு வரும் ஃபியூஸைப் பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட், ஹார்ன், உள்விளக்கு போன்ற வேறொன்றோடு பகிர்ந்திருப்பார்கள். சார்ஜர் சாக்கெட்டும் சேர்ந்து செத்திருந்தால் துப்புக் கிடைத்துவிட்டது. காரின் கையேட்டில் உள்ள ஃபியூஸ் படத்தைப் பார்த்து, அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 16க்கும் 4க்கும் நடுவே அளவெடுங்கள். பிறகு 16க்கும் 5க்கும். இன்ஜின் ஓடாதபோது இரண்டிலும் 12.4 முதல் 12.7 வரை வர வேண்டும். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் அந்த எர்த் கம்பி விட்டிருக்கிறது. மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஒருமுறை விரிந்துவிட்டால், அதன்பின் எந்தக் கருவியைச் செருகினாலும் ஆடி ஆடித்தான் தொடும். தகட்டின் வாயை மட்டும் தொட்டு அளவெடுங்கள், அல்லது சாக்கெட்டின் பின்பக்கம் வயரோடு ஒட்டி மெல்லிய ஊசியை விடுங்கள். முனை வழுக்கி 16ஐயும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டால் புது ஃபியூஸும் போகும்.

விளக்கு எரிகிறது, ஆனால் "இசியுவோடு இணைய முடியவில்லை" என்கிறது.

இசியு என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. சாவி ஆன் நிலையில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அதே அடாப்டரை வேறொரு காரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் அடாப்டர் மேல்தான் சந்தேகம். அங்கே வருகிறது என்றால் உங்கள் காரின் கம்பிகளைப் பார்க்க வேண்டும்.

கேன் காருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் கழித்து 6க்கும் 14க்கும் நடுவே மின்தடையை அளங்கள். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இணையாக இருப்பதால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த வயரை முதலில் தேடுங்கள். பேனட்டுக்குள் இன்ஜின் சூடு தங்கும் இடம் அதற்குப் பிடித்தமான இடம்.

மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம் என்று வெளியில் பொருத்திய எதையாவது ஓபிடி வயரில் ஒட்டுப்போட்டு இணைத்திருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

எரர் கோடை எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் எழுத்து பகுதியைச் சொல்லும். பி (P) என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும்; சி (C) என்றால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்; பாடி பகுதிக்கு ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாம் எழுத்து (B); யு (U) என்றால் கணினிகளுக்கு இடையிலான தொடர்பு. அடுத்து வரும் 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடைக் குறிக்கும். 1 என்றால் அந்தக் கம்பெனிக்கே உரியது. கம்பெனிக் கோடுக்குப் பொதுவான இணையப் பட்டியலில் பொருள் தேடினால், வேறொரு கம்பெனியின் பொருள் வந்து நிற்கும்.

கோட் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லையைத் தாண்டியது என்றுதான் சொல்கிறது. பி0113 என்று வருகிறது, லைவ் டேட்டாவில் உள்வரும் காற்றின் வெப்பநிலை −40 டிகிரி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் அப்படிக் குளிர வாய்ப்பில்லை. அந்த சென்சாரின் சுற்று திறந்து கிடந்தால் இசியு அப்படித்தான் படிக்கும். சமீபத்தில் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தால், கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். பிளக்கை மாட்டினால் வேலை முடிந்தது, புது சென்சார் தேவையில்லை.

பி0420 இன்னொரு உதாரணம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்தது என்று பொருள். உடனே விலையுயர்ந்த கன்வர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். முதலில் சைலன்சர் மூட்டுகளில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) கோட் ஏதாவது சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இன்ஜின் நன்றாகச் சூடானபின், கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைக் கவனியுங்கள். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அது 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய நிலையாக நிற்கும். முன் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ளினால்தான் கன்வர்ட்டர் மேல் கை வைக்க வேண்டும்.

ஃப்ரீஸ் ஃபிரேம் என்றால் என்ன?

கோட் பதிவான கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு: ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பநிலை, லோடு (இன்ஜின் மீதுள்ள சுமை), ஃபியூல் ட்ரிம் (கீழே விளக்கம் உண்டு). கோடை அழித்தால் இதுவும் போய்விடும். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீஸ் ஃபிரேமில் கூலன்ட் 35 டிகிரி, வேகம் பூஜ்யம், 900 ஆர்பிஎம் என்றால் காலையில் குளிர்ந்த ஐட்லிங்கில் வந்தது. கூலன்ட் 92, வேகம் 80, லோடு 85 சதவீதம் என்றால் மேட்டில் அழுத்தி ஓட்டும்போது வந்தது. காயிலோ ஸ்பார்க் பிளக்கோ அழுத்தத்தில் தடுமாறுவது அதிகமும் இப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார் என்றால், முதல் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் காயில் குற்றவாளி. பி0301 அப்படியே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். செலவே இல்லாத சோதனை இது.

விளக்கு எரிவதற்கும் மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய. நிலையாக எரிந்தால், வண்டி இயல்பாக ஓடும்வரை, நிதானமாக வீடு சேர்ந்து பார்க்கலாம். மின்னினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள், மின்னல் நிற்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சிவப்பு ஆயில் விளக்கோ வெப்பநிலை விளக்கோ சேர்ந்து எரிந்தால் ஸ்கேனரை எடுக்கும் நேரம் அது இல்லை. உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

லைவ் டேட்டாவில் எதைப் பார்ப்பது?

இன்ஜின் சூடான பிறகு கூலன்ட் 85 முதல் 105 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 70ஐத் தாண்டவே மறுத்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கிறது. பி0128 வருவது இதனால்தான். சார்ஜிங் வோல்டேஜ் 13.5 முதல் 14.7 வரை. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் பேட்டரி நிறைந்ததும் இது வேண்டுமென்றே கீழே இறங்கும். அதைக் கோளாறாக எடுக்க வேண்டாம்.

பெட்ரோல் காரில் அதிகம் பேசும் எண் ஃபியூல் ட்ரிம். கணக்குப்படி தெளிக்கும் எரிபொருளை இசியு எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம். குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் +20, 2,500 ஆர்பிஎம்மில் +4 என்று இறங்கினால் எங்கோ வேக்குவம் கசிவு: கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, த்ராட்டில் திறந்ததும் மொத்தக் காற்றில் அதன் பங்கு சிறிதாகிவிடுகிறது. மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூல் பம்ப், ஃபில்டர், அழுக்கான காற்று அளவை சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் இன்ஜின்களில் கசிந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும். அதனால் ட்ரிம் பெரிதாக அசையாமல், ஐட்லிங் மட்டும் உயரும். வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட் இருந்தால், காஸில் ஓடும்போது கற்றுக்கொண்ட ட்ரிம் பெட்ரோலுக்கும் தொற்றும். அளவெடுக்கும் முன் கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

டீசல் காரில்?

பி0401 வந்தால், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் பாதை கரியால் அடைத்திருக்கலாம். பி0299 டர்போ அழுத்தம் போதவில்லை என்கிறது. டர்போவுக்கு விலை கேட்பதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள், எண்ணெய்க் கசிவு படிந்த மூட்டுதான் காற்றும் கசியும் மூட்டு. பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவு. டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பிஎஸ்6 வண்டியில் பி2463 வந்தால் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் புகைக்கரி நிறைந்திருக்கிறது. தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கம். கட்டாய ரீஜெனரேஷன் (அந்தக் கரியை எரித்து நீக்குவது) செய்ய மலிவான அடாப்டர் உதவாது.

கோடை அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

காரணம் இருந்தால் திரும்பி வரும். பல கோடுகள் தொடர்ந்து இரண்டு ஓட்டச் சுற்றுகளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சுற்று) கோளாறு தெரிந்தால்தான் விளக்கைப் போடும். அதனால் அழித்த மறுநாள் விளக்கு வராததை வைத்துச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அழிக்கும்போது ரெடினெஸ் மானிட்டர்கள் என்ற சுயசோதனைப் பதிவுகளும் பூஜ்யமாகிவிடும். அவை நிறைய, குளிர்ந்த ஸ்டார்ட், நகர ஓட்டம், நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் எல்லாம் தேவை. பழைய கார் வாங்கப் போகும்போது இது உங்களுக்குச் சாதகம்: கோட் ஒன்றும் இல்லை, ஆனால் மானிட்டர்கள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

வாரண்டியில் உள்ள காரில் கோடை நீங்கள் அழிக்காதீர்கள். படிப்பதில் தவறில்லை, அழித்தால் சர்வீஸ் சென்டரில் காட்ட ஆதாரம் இருக்காது.

பேட்டரி இறங்கிய பிறகோ மாற்றிய பிறகோ யு, சி கோடுகள் கூட்டமாக வருவது சகஜம். குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, திரும்ப வருபவற்றை மட்டும் பாருங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் கோடுகள் ஏன் தெரிவதில்லை?

ஓபிடி-2 தரவிதி புகை சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டுமே எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக்கியது. மற்ற கணினிகளைப் படிக்கக் கம்பெனிக்கேற்ற மென்பொருள் வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ், ஓபிடி லெவன். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். மறைமலைநகர் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் ஃபிகோ, எகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கை கொடுப்பது இதுதான். ஃபோர்டில் இரண்டாவது கேன் பஸ் 3, 11 பின்களில் ஓடுவதால், அங்கே மாறக்கூடிய சுவிட்ச் உள்ள அடாப்டரைத் தேடி வாங்க வேண்டும். ஜீப் போன்றவற்றின் 2018க்குப் பிந்தைய மாடல்களில் பாதுகாப்பு கேட்வே (வெளிக் கருவிகளைத் தடுக்கும் மின்னணு வாயில்) இருப்பதால், வெளிக் கருவி கோடைப் படித்தாலும் அழிக்க அனுமதி கிடைக்காது.

அடாப்டரை எப்போதும் செருகியே வைக்கலாமா?

வேண்டாம். மலிவான அடாப்டர் தூங்காமல் 40 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நாளுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-அவர். காரே தன் பங்குக்கு அரை ஆம்பியர்-அவருக்கு மேல் எடுக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள சின்னக் காரைப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், பேட்டரி பழையதாக இருக்கும் பட்சத்தில் டிக் டிக் என்ற சத்தம்தான் வரும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. கடவுச்சொல் 1234 என்று இருக்கும் புளூடூத் கருவி, காரின் கணினியோடு எப்போதும் பேசக்கூடிய நிலையில் திறந்து கிடக்கிறது. மூன்றாவது காரணம் உங்கள் முழங்கால்: கிளட்சுக்கு மேலே துருத்தி நிற்கும் அடாப்டரில் கால் பட்டுப் பட்டு சாக்கெட்டின் பிடி உடையும். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டிய நாளில் 30 சென்டிமீட்டர் தட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டு, அடாப்டரைப் பெடல்களுக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள். திரையைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

எலக்ட்ரிக் காரிலும் பைக்கிலும்?

எலக்ட்ரிக் கார்கள் பலவற்றில் 16 பின் போர்ட் இருக்கும், ஆனால் புகைக்கான பொதுத் தரவு அதில் இருக்காது; அந்த மாடலுக்கென்றே எழுதிய அமைப்பு உள்ள செயலி வேண்டும். பிஎஸ்6 பைக்குகளில் சீட்டுக்கு அடியில் 6 பின் கனெக்டர் இருக்கும். 16 பின்னுக்கு மாற்றும் கேபிள் தனியாக விற்கிறார்கள்.

ஓபிடியில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் சின்ன டப்பா?

திறந்து பார்த்தவர்கள் கண்டது மின்னும் எல்இடியும் அதை மின்ன வைக்கும் சின்ன சர்க்யூட்டும்தான். பல மாதிரிகளில் 6, 14 பின்களை எதனோடும் உருப்படியாக இணைத்திருக்கவே மாட்டார்கள். அந்தப் பணத்துக்கு டயர் காற்றழுத்த மானி ஒன்று வாங்கலாம்.